வெயில் தலைவலிக்கும் குமட்டலுக்கும் எது கைகொடுக்கும்: நேரமா, நிழலா, மோரா, மாத்திரையா?

சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் தஞ்சாவூரில் நண்பகலில் நட்ட கம்புக்கு நிழல் விழாத நாள் வந்துவிடுகிறது. சூரியன் நேர் உச்சிக்கு வரும் அந்த நாள் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு முறையும் ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் மறுமுறையும் வருகிறது. அக்னி நட்சத்திரம் தொடங்குவது மே 4 வாக்கில்தான் என்றாலும், வெயில் பட்டால் தலை இடித்துக் குமட்டுகிறவர்களுக்குக் கத்திரி வரும்வரை காத்திருக்கத் தேவையிருப்பதில்லை; சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பிடுங்கும் பங்குனியிலேயே அவர்களுடைய தொல்லை தொடங்கிவிடுகிறது. வேலையை விடவும் முடியாது, வெயிலைத் தாங்கவும் முடியாது என்ற நிலையில் இருப்பவர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன: வெயிலில் போகும் நேரத்தை மாற்றுவது, தலையையும் கண்ணையும் மறைப்பது, நீரும் உப்பும் சாப்பாடும் குறையாமல் பார்ப்பது, வலி வந்ததும் மாத்திரை போடுவது, மருத்துவரிடம் கேட்டுத் தினசரித் தடுப்பு மருந்து எடுப்பது. எதில் முதலில் பணத்தையும் முயற்சியையும் போடுவது என்பதே இங்கே கேள்வி.

நான் பதினைந்து ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலியோடு இந்த வட்டாரத்தில் வாழ்கிறவன். ஐந்தையும் ஏதோ ஒரு காலத்தில் தவறான வரிசையில் செய்து பார்த்தவன்.

## ஒப்பிடும் முன் பிரித்தறிய வேண்டியது

"வெயில் ஆகாது", "பித்தம் தலைக்கு ஏறிவிட்டது" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பெரும்பாலும் இரண்டு வேறு கோளாறுகளை. முதலாவது வெப்பத் தளர்ச்சி. வியர்வையோடு நீரும் உப்பும் போய்விடுவதால் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவை சேர்ந்து வரும். நிழலில் படுத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். இரண்டாவது மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி. இதில் வெயில் தூண்டுகோல் மட்டுமே. நோய் முன்பே உடம்பில் இருக்கிறது. பல சமயம் ஒரு பக்கமாக, விண் விண்ணென்று தெறிக்கும், நடந்தால் கூடும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது, மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கும்.

உங்களுடையது எது என்று கணிக்க ஓர் எளிய கேள்வி உண்டு. இதே தலைவலி வெயிலே படாத நாளில், சாப்பாடு தள்ளிப்போனாலோ, தூக்கம் கெட்டாலோ, மாதவிலக்கை ஒட்டியோ வருகிறதா? வந்தால் அது மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். வியர்த்துக் கொட்டிய நாள்களில் மட்டுமே வந்தால் வெப்பத் தளர்ச்சியை முதலில் நினைக்கலாம். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். டெல்டாவின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலராததால் உடம்பு சூடேறுவதும், அந்த நீரிழப்பே மைக்ரேனைக் கிளப்பிவிடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது உண்டு.

சில நிலைகளில் ஒப்பீட்டுக்கு இடமில்லை. வெயிலில் இருந்தவர் உளறினால், ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினால், வலிப்பு வந்தால், உடம்பு கொதித்தால் அது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வாழ்நாளில் கண்டிராத கடுமையில் திடீரென்று வெடித்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், கண் சிவந்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றையும் வெயில் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

முதல் அளவுகோல், அந்த வழி வெப்பத் தளர்ச்சிக்கு உதவுகிறதா, மைக்ரேனுக்கா, இரண்டுக்குமா என்பது. அடுத்தது, அது நம் கையில் இருக்கிறதா, அல்லது முதலாளி, மேஸ்திரி, பேருந்து, பள்ளி மணி ஆகியவற்றின் கையில் இருக்கிறதா என்பது. பல ஆலோசனைகள் இந்த இடத்தில்தான் உடைந்துபோகின்றன. மூன்றாவது செலவு. கடையில் கொடுக்கும் காசோடு, போகும் கூலியையும் கெடும் தூக்கத்தையும் அதில் சேர்க்க வேண்டும். நான்காவது, வெயிலில் வேலை செய்கிற உடம்புக்கு அந்த வழியே கெடுதல் செய்யுமா என்பது. கடைசியாக, மாதத்தில் எத்தனை நாள் வலி வருகிறது என்பது. மாதம் ஒரு நாள் வருபவருக்கும் பத்து நாள் வருபவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## வழி ஒன்று: நேரத்தை மாற்றுவது

வெயிலின் நேர்க்கதிர் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணிவரை கடுமையாக இருக்கும். காற்றின் சூடு உச்சத்தைத் தொடுவது அதற்கும் பிறகு, ஏறத்தாழ 2 மணிக்கும் 3:30 மணிக்கும் இடையில். ஆகவே காலை 6 முதல் 10:30 வரையும் மாலை 4-க்குப் பிறகும் வெளிவேலையை வைத்துக்கொள்வது இரண்டு கோளாறுகளுக்குமே மிக வலுவான தடுப்பு. காசு செலவில்லை, பக்க விளைவில்லை. இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இதன் மறைவான விலை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

சொந்த நிலத்தில் மடை பார்ப்பவர், நாற்றங்காலுக்கு உழவு ஓட்டுபவர் ஆகியோர் கடிகாரத்தைத் தாங்களே திருப்பிக்கொள்ளலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தன் முறைக்குக் காத்திருப்பவருக்கோ, களத்தில் காயவைத்த நெல்லைத் துழாவ வேண்டியவருக்கோ அந்த உரிமை இல்லை; நெல் காய்வதே உச்சி வெயிலில்தான். பாதி நாளில் கிளம்பும் கூலியாளுக்குப் பாதிக் கூலிதான். இதற்கு மேல் ஒன்று உண்டு: ஐந்து மணிக்கு வயலில் நிற்க மூன்று மணிக்கு எழுந்து சமைக்கும் பெண்ணுக்குத் தூக்கம் குறைகிறது, புழுக்கத்தில் மின்சாரமும் நின்றுபோன இரவு என்றால் தூக்கமே இருப்பதில்லை. தூக்கக் குறைவு மைக்ரேனின் தலையாய தூண்டுகோல்களில் ஒன்று. வெயிலைத் தவிர்க்கப் போய் வேறு வாசல் வழியாக அதே வலியை உள்ளே அழைப்பதாக இது முடியலாம். முன்னிரவில் படுக்க முடிந்தால் மட்டுமே இந்த மாற்றம் பலன் தரும்.

பலரும் விட்டுவிடும் ஒரு பகுதியும் இதில் இருக்கிறது. உடம்பு வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஊருக்கு வந்து மறுநாளே முழு நாள் வயலில் நிற்பவர் படுத்துக்கொள்வதற்குக் காரணம் அவருடைய பலவீனமன்று. முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போனால், அதிகம் வியர்க்கவும் வியர்வையில் உப்பைக் குறைவாக விடவும் உடம்பு கற்றுக்கொள்ளும். நேரத்தை முழுதாக மாற்ற முடியாதவர்கள்கூட பருவத்தின் முதல் பத்து நாளை இப்படிப் பிரித்துக்கொள்ள முடியும்.

## வழி இரண்டு: தலையையும் கண்ணையும் மறைப்பது

குடை, துண்டு, முண்டாசு, ஓலைத் தொப்பி, கூலிங் கிளாஸ் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதாக நினைக்கிறோம். குடையும் தொப்பியும் உடம்பில் ஏறும் சூட்டைக் குறைக்கின்றன; கண்ணாடி கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கிறது. வெப்பத் தளர்ச்சிக்காரருக்கு முன்னது முக்கியம், மைக்ரேன்காரருக்குப் பின்னது. பேருந்து நிறுத்தத்தில் குடை பிடித்தும் தலைவலி வருகிறதே என்று புலம்புகிறவர், எதிரே இருக்கும் சிமெண்ட் தளத்திலிருந்தும் கார் கண்ணாடியிலிருந்தும் தெறிக்கும் கூசொளியைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்.

டெல்டாவில் ஒளி கீழிருந்தும் வருகிறது. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ஒரு கண்ணாடி. குனிந்து நாற்று நடுகிறவருக்குத் தொப்பி மேலிருந்து காக்குமே தவிர முகத்துக்கு நேரே வரும் ஒளியைத் தடுக்காது. வேதாரண்யத்து உப்பளங்களில் இது பல மடங்கு. வெள்ளை உப்பு மேலே விழுந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இப்படிப்பட்ட இடங்களில் போலரைஸ்டு கண்ணாடி சாதாரணக் கறுப்புக் கண்ணாடியைவிட மேல். நீர்ப்பரப்பின் மினுமினுப்பை அது வடிகட்டுகிறது. வாங்கும்போது புற ஊதாக் கதிரை முழுதும் தடுப்பதற்கு அடையாளமான யுவி 400 என்ற குறிப்பைப் பார்க்க வேண்டும். கறுப்பு நிறம் மட்டும் போதும் என்று நடைபாதையில் வாங்கும் கண்ணாடியில் பாவை விரிந்து, தடுக்கப்படாத புற ஊதாக் கதிர் கூடுதலாக உள்ளே போகக்கூடும்.

இரு சக்கர வாகனக்காரர்களுக்கு வேறொரு தொல்லை. இருபுறமும் புளியமரம் நிற்கும் சாலையில் போகையில் நிழலும் ஒளியும் கண்ணில் மாறி மாறி அடிக்கும். அந்தச் சிமிட்டல் மைக்ரேனைத் தூண்டக்கூடியது. மரநிழல் குளிர்ச்சி என்றாலும் கண்ணாடி அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது. தலைக்கவசம் நெற்றியை இறுக்கினால் அதுவே ஒரு வலி. அளவு சரியானதை வாங்கி, உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்வது நல்லது. பின்னால் இருப்பவர் குடை விரித்துக்கொண்டு போவதை மட்டும் எந்தத் தலைவலிக்காகவும் செய்யக் கூடாது. காற்றில் குடை இழுத்து ஆளைக் கீழே தள்ளிவிடும்.

மறைவான விலை இரண்டு. கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, சாதாரண வெளிச்சமே கூச ஆரம்பிக்கும். ஈரத் துண்டு போடுவது காற்றோட்டம் உள்ள இடத்தில் அருமையாகக் குளிர்விக்கும். காற்றே அசையாத புழுக்கத்தில் அது உலராமல் வெறும் சுமையாகத் தலையில் கிடக்கும்.

## வழி மூன்று: நீர், உப்பு, சாப்பாடு

வெப்பத் தளர்ச்சிக்கு இதுவே மருந்து, தடுப்பு இரண்டும். மைக்ரேனுக்கு இது பாதி உதவி. கடும் வெயிலில் உடலுழைப்பு செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்பது தொழில்நல மருத்துவம் சொல்லும் அளவு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து, உப்பு சேராமல் விட்டால் இரத்தத்தில் சோடியம் குறையும். அதன் முதல் அடையாளங்களும் தலைவலியும் குமட்டலுமே. எனவே "தண்ணீர் குடித்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனாலும் வாந்தி வந்தது" என்பவரின் பேச்சைத் தள்ளிவிட முடியாது.

எதைக் குடிப்பது? உப்புப் போட்ட நீர்மோரும், காலையில் சின்ன வெங்காயத்தோடு நீராகாரமும் இந்த மண்ணின் பதில். இரண்டிலும் நீரும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீர் மட்டும் ஈடுகட்டாது. தளர்ந்து படுத்தவருக்குச் சிறந்தது ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். சிறுநீரக நோயாளிகளும் இதயப் பலவீனம் உள்ளவர்களும் இளநீர், உப்பு இரண்டையும் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயில் காலத்தில் நீரிழப்பு சீக்கிரம் வரும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது இதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சாப்பாட்டை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. டீயோடு வேலைக்குக் கிளம்பி முதல் சோற்றைப் பகல் ஒரு மணிக்குச் சாப்பிடுவதும், விரத நாளில் வெயிலில் கோயில் சுற்றுவதும் மைக்ரேனுக்கு விருந்து வைப்பதற்குச் சமம். வெயில் மட்டும் தனியாக வந்து தாக்குவது அரிது. காலியான வயிறும் கெட்ட தூக்கமும் கூடவே வருகின்றன.

இந்த வழியின் மறைவான விலை வயலில் வேலை செய்யும் பெண்களுக்குத் தெரியும். ஒதுங்க இடமில்லாத நடவு வயலில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது அவர்களுடைய அறியாமை அன்று, வேறு வழியின்மை. குடிக்கச் சொல்லி அறிவுரை கூறுவதைவிட, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மறைப்புள்ள ஒரு கழிப்பிடம் இருந்தால் இந்த வட்டாரத்தில் வெயில் தலைவலி கணிசமாகக் குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

## வழி நான்கு: வந்த பிறகு மாத்திரை

ஒரு மாத்திரை ஒரு டீயைவிட மலிவு, பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. அதனால்தான் பெரும்பாலோர் இங்கிருந்து தொடங்குகிறார்கள். மாதம் ஒன்றிரண்டு நாள் மட்டும் மைக்ரேன் வருபவருக்கு இது நியாயமான தேர்வே. ஆனால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மைக்ரேன் முற்றினால் இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடும். குமட்டல் வந்த பிறகு விழுங்கிய மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். வலி தொடங்கிய உடனேயே, குமட்டலை அடக்கும் மருந்தையும் மருத்துவர் சொன்னபடி சேர்த்து எடுத்தால்தான் வேலை செய்யும். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று பொறுத்துப் பொறுத்து, வாந்தி வந்த பிறகு விழுங்குவது காசுக்குக் கேடு.

அடுத்து, எந்த மாத்திரை என்பது. நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆபத்து, வெறும் வயிற்றில் குடற்புண்ணுக்கும் வழி. பாராசிட்டமால் இவ்விஷயத்தில் பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம் என்பது தாண்டவே கூடாத எல்லை, குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. வெயிலிலிருந்து நேரே வந்து வலி ஊசி போடச் சொல்லிக் கேட்பது நம்மூர் வழக்கம். முதலில் ஒரு லிட்டர் கரைசல், பிறகு மருந்து என்ற வரிசையை மாற்றக் கூடாது. வெப்பத் தளர்ச்சியால் வந்த வலிக்குக் கரைசலே போதும் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

மூன்றாவதுதான் உண்மையான மறைவான விலை. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே தரப்படும் எர்கோட்டமின், டிரிப்டான் வகைகளையும் பல வலி மருந்துகள் கலந்த மாத்திரைகளையும் மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். நான் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன். பங்குனியில் வெயிலுக்காகத் தொடங்கிய மாத்திரை, ஐப்பசி மழையிலும் தினமும் தேவைப்பட்டபோதுதான் குற்றவாளி வெயிலல்ல என்று எனக்குப் புரிந்தது.

## வழி ஐந்து: தினசரித் தடுப்பு மருந்து

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் மைக்ரேன் வந்து வேலையைக் கெடுத்தால் மருத்துவர் இதைப் பற்றிப் பேசுவார். வெப்பத் தளர்ச்சிக்கு இதனால் எள்ளளவும் பயனில்லை. மருந்து பலிக்கிறதா என்று சொல்ல 8 முதல் 12 வாரம் ஆகும். வலி நாள்கள் பாதியாகக் குறைந்தாலே அதை வெற்றி என்கிறார்கள். சித்திரை வெயிலுக்குத் தயாராக வேண்டுமானால் பொங்கல் முடிந்த கையோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது இதன் பொருள். கத்திரியில் தலையைப் பிடித்துக்கொண்டு போய் வாங்கும் தடுப்பு மருந்து ஆடியில்தான் வேலை செய்யும்.

வெயிலில் உழைப்பவர் இந்த மருந்துகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது என் வியர்வையைக் குறைக்குமா? டோபிராமேட்டும் அமிட்ரிப்டிலினும் வியர்வையைக் குறைக்கக்கூடியவை. புரோப்ரனலோல் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கலாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஃபுளுனாரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும். டிராக்டர் ஓட்டுபவர் யோசிக்க வேண்டும். டோபிராமேட் எழுதிக்கொடுத்தால், கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு தங்களுக்கு உண்டு என்பதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்பவருக்குப் பொருந்தும் மருந்து உப்பளத்தில் நிற்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். "எனக்கு வெயிலில் வேலை" என்ற ஒரு வாக்கியத்தை நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை.

தைலமும் சுக்குப் பற்றும் இதமளிக்கலாம், இஞ்சி குமட்டலை ஓரளவு அடக்கும். வெயில் பட்டு வந்தவருக்கு நொச்சி ஆவி பிடிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | வெப்பத் தளர்ச்சிக்கு | மைக்ரேனுக்கு | மறைவான விலை | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| நேர மாற்றம் | மிக நன்று | மிக நன்று | கூலி, தூக்கம் | நேரம் தன் கையில் உள்ளவர் |
| குடை, தொப்பி | நன்று | ஓரளவு | கீழிருந்து வரும் ஒளியைத் தடுக்காது | நின்று காத்திருப்பவர் |
| கண்ணாடி | இல்லை | நன்று | உள்ளேயும் அணிந்தால் கண் கூச்சம் | வண்டி ஓட்டுபவர், உப்பளத்தார் |
| நீர், உப்பு, சாப்பாடு | மிக நன்று | ஓரளவு | ஒதுங்க இடம் வேண்டும் | எல்லோரும். சிறுநீரக, இதய நோயாளிகள் கேட்டு |
| வலி மாத்திரை | குறைவு | தொடக்கத்திலேயே எடுத்தால் நன்று | சிறுநீரகம், மாத்திரைத் தலைவலி | மாதம் ஒன்றிரண்டு நாள் வருபவர் |
| தடுப்பு மருந்து | இல்லை | நன்று | வியர்வைக் குறைவு, மூன்று மாதக் காத்திருப்பு | மாதம் நான்கு நாளுக்கு மேல் வருபவர் |

## யார் எங்கிருந்து தொடங்கலாம்

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண், கிளம்பும் முன் நீராகாரமும், கையில் உப்பு மோரும், முகத்தை மறைக்கும் அகலத் தொப்பியும் என்று தொடங்கலாம். இவ்வளவுக்கும் பிறகு மாதம் நான்கு நாளுக்கு மேல் படுக்க வேண்டி வந்தால் தடுப்பு மருந்தைக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே பைக்கில் அலையும் விற்பனைப் பிரதிநிதிக்கு முதல் செலவு நல்ல கண்ணாடியாகவும், முதல் பழக்கம் பகல் சாப்பாட்டைத் தள்ளிப்போடாததாகவும் இருக்க வேண்டும். வேதாரண்யத்து உப்பளத்தாருக்குக் கண்ணாடியும் மோரும் இரண்டும் சேர்ந்தே தேவை. ஒன்றை விட்டு ஒன்று உதவாது. சொந்த நிலக்காரர் கடிகாரத்தை மாற்றாமல் மாத்திரை வாங்குவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

எந்த வகை என்றே தெரியாமல் தவிப்பவர் மருந்துக் கடைக்குப் போகும் முன் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஒரு மாதம் குறித்துவரட்டும்: வலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம், வெயிலே படாமல் வந்திருந்தால் ஒரு புள்ளி. புள்ளிகள் இருந்தால் மைக்ரேனைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். வட்டங்கள் பத்தைத் தொட்டிருந்தால் அந்தத் தாள்களையே கிழித்து எடுத்துக்கொண்டு போகலாம்.